மலையிலிருந்து பல் மருத்துவக் கல்லூரிக்கு: ஒரு செலவுக் கணக்கின் வரலாறு

சேர்வராயன் மலையில் 1820ஆம் ஆண்டளவில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஏற்காட்டில் உறைவிடப் பள்ளிகள் பல எழுந்தன. தொலைதூரச் செல்வர்களின் பிள்ளைகள் வந்து பயின்றனர். தோட்டக் கூலிகளான நம் மக்களின் பிள்ளைகளோ காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பள்ளிக்கு வராது நின்றனர். அத்தகைய வீட்டுப் பிள்ளை பல் மருத்துவராக எவ்வளவு செலவாகும் என்பது முன்பு எவரும் கேளாத கேள்வி. இன்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

டாக்டர் ஆர். அகமது 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அதற்கு முன்னரே, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. நம் பிள்ளைகளின் செலவுக் கணக்கில் முதல் வரவு அதுவே.

சலுகைகள் தாமாக வந்து சேர்ந்தவை அல்ல. சிதம்பரம் இராஜா முத்தையா மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அரசுக் கல்லூரிக்குரிய கட்டணத்தையே தமக்கும் வேண்டி, 2020 டிசம்பர் முதல் ஐம்பது நாட்களுக்கு மேல் போராடினர். 2021இல் பல் மருத்துவப் படிப்பின் ஆண்டுக் கட்டணம் 11,610 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த 2020ஆம் ஆண்டிலேயே, தனியார் கல்லூரியில் இடம் பெற்றும் பணமின்மையால் சிலர் விலக நேர்ந்தது. அதன் பின்னரே அவ்வொதுக்கீட்டினரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசு ஏற்றது.

எனினும் கட்டணம் மட்டுமே செலவன்று. நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடியுமட்டும் நூல்கள், வெள்ளை மேலங்கி, மெழுகில் பல் செதுக்கும் கருவிகள், உணவு, பயணம் ஆகியவை உண்டு. உதவித்தொகை பின்னர் வரும். செலவோ முன்னர் நிற்கும். நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் படித்த மாணவி, இடம் கிடைத்தும், முதல் மாதத் தொகைக்காகத் தாயின் கம்மலை அடகு வைத்தாள். தாய் அதனை மீட்க மூன்றாண்டுகள் ஆயின.

ஆதலின் பெற்றோர் செய்ய வேண்டுவன மூன்று. சாதி, வருமானச் சான்றுகளைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஆயத்தம் செய்க. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றமைக்கான சான்றைப் பேணுக. கல்லூரியைத் தேர்வதற்கு முன் ஐந்தாண்டுச் செலவையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க.

நம் கழகம் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. உதவித்தொகை வந்து சேரும்வரை வட்டியின்றிக் கடன் தரும் சிறு நிதி ஒன்றை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குவோம். இனி எந்தத் தாயின் காதும் வெறுமையாதல் வேண்டா.