கழுத்தில் தடவிய அயோடின்

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் பெட்டாடின் கிடைக்கும். முழங்கால் சிராய்ப்புக்குத் தடவும் அந்தப் பழுப்பு மருந்துக்கும் நெப்போலியனின் பீரங்கிகளுக்கும் ஒரு சொந்தம் உண்டு.

பாரிஸில் பீரங்கி மருந்துக்கான வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா, போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரச்சாம்பலை விட்டுக் கடற்பாசிச் சாம்பலுக்கு மாறினார். 1811இல் அவர் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட, ஊதா நிறத்தில் ஆவி கிளம்பியது. அதுதான் இன்றைய பெட்டாடினில் இருக்கும் அயோடின். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழுத்துக் கழலைக்குக் கொடுத்தார். 1829இல் லூகோல் என்ற மருத்துவர் அதை நீரில் கரைத்து மருந்தாக்கினார். கூர்த்துவா வறுமையிலேயே இறந்தார்.

தைராய்டு சுரப்பிக்கு அயோடின் மேல் தீராத பசி. நல்லது கெட்டது பார்க்காது. அணு உலை உடைந்தால் வெளிவரும் கதிரியக்க அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டுப்பால் வழியாகக் குழந்தையின் கழுத்துக்கு வந்து சேரும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது அக்கம்பக்கத்துப் பண்ணைப் பாலையெல்லாம் கொட்டியது இதனால்தான். முன்கூட்டியே நல்ல அயோடினை விழுங்கிவிட்டால், நிரம்பிய தாம்பரம் பஸ்ஸில்போல, அடுத்து வருவதற்கு இடமிருக்காது. அயோடின் மாத்திரையின் தத்துவம் இவ்வளவுதான்.

தத்துவம் எளிது, விநியோகம்தான் கூத்து. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் உலை பழுதானபோது, அனுமதி பெற்ற அயோடின் மருந்து கடைகளில் இல்லவே இல்லை. விடியற்காலை 3 மணிக்கு மாலின்க்ராட் கம்பெனியை எழுப்பிக் கேட்டார்கள். சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேலான பாட்டில்கள் வந்திறங்கின. சிலவற்றில் லேபிள் இல்லை. சில சொட்டுக்குழாய்கள் பாட்டில் வாயில் பொருந்தவே இல்லை. கொடுத்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று அவை கிடங்கிலேயே தங்கின.

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்ததை சோவியத் அரசு மூடி மறைத்தது. போலந்து அதைத் தன் நாட்டுக் கருவிகள் காட்டிய அளவிலிருந்தே ஊகித்து, லூகோலின் பழைய கரைசலை ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் புகட்டியது. தகவல் தாமதமான உக்ரைன், பெலாரஸ், ரஷ்யப் பகுதிகளில், பால் குடித்த குழந்தைகளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

2011 மார்ச். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை வெடித்த சில நாட்களில், பிபிசி பெயரில் ஒரு போலிக் குறுஞ்செய்தி ஆசியாவைச் சுற்றியது: மழையில் நனையாதீர்கள், கழுத்தில் பெட்டாடின் தடவுங்கள்! பிபிசி அப்படி எதையும் சொல்லவில்லை. தோலில் தடவினால் தைராய்டு நிரம்பாது, குடித்தால் ஆபத்து. சீனாவில் அயோடின் உப்புப் பாக்கெட்டுக்கு அடிதடி. கணக்கைப் பாருங்கள்: நம் கடை உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்கவேண்டும். பெரியவருக்கான 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின். அதை உப்பில் ஈடுகட்ட ஆறரை கிலோவுக்கு மேல் தின்னவேண்டும். கதிர்வீச்சுக்கு முன் உப்பே ஆளை முடித்துவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2004 சுனாமியன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் அறையில் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, கதிர்வீச்சு கசியவில்லை. அங்கே நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட எல்லை. மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் உள்ளே; நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள மேடவாக்கம் வெளியே. உள்ளே இருப்பவர்களுக்கு ஒத்திகை. வெளியே இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்.

இந்த ஏற்பாடு சரியில்லை என்பது என் கட்சி. வதந்திக்கு எல்லைக்கோடு கிடையாது. விளக்கத்துக்கு மட்டும் எதற்கு? ஒன்றும் நடக்காத நாளிலேயே, டெங்கு நோட்டீஸ் ஒட்டுகிற ரேஷன் கடைச் சுவரில் தமிழில் நான்கு வரி ஒட்டலாம்: மாத்திரை தைராய்டை மட்டும் காக்கும். கதிரியக்க அயோடினை மட்டும் தடுக்கும், சீசியம் போன்றவற்றை அல்ல. முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். அதிகாரிகள் சொன்னால் மட்டுமே விழுங்குங்கள்.