எழுந்து நடக்கும் நொடிகள்: முன்னாள் படைவீரரும் தொலைமருத்துவமும்

செகந்திராபாத்தின் லாலாகுடா, நிஜாம் காலத்து ரயில் பெட்டிப் பணிமனையாலும் ரயில்வே மருத்துவமனையாலும் அறியப்பட்ட பகுதி. அதனை அடுத்துள்ள படைமுகாம் இன்னும் பழையது. 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நிஜாமின் ஆட்சிப்பகுதியில் நிலைகொண்ட துணைப்படை, சென்னை மாகாணப் படையைச் சேர்ந்தது. 1806இல் அம்முகாம் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. தமிழ்க் குடும்பங்கள் இங்கு வேரூன்றியதற்கு அப்படைத் தொடர்பும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. 2021 மே 27 அன்று பாதுகாப்பு அமைச்சகம் 'செஹத்' என்னும் காணொளி மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்தது. பணியில் இருப்போரும் ஓய்வுபெற்றோரும் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணலாம் என்றாயிற்று. ஆயின், முதியவர் தவறி விழும் வாய்ப்பைத் திரை வழியே கணிக்க இயலுமா?

இவ்வினாவிற்கு அச்சோதனையின் வரலாறே ஒரு விடை தருகிறது. 1986இல் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் ஆகியோர், நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து அமரும் எளிய சோதனையை முன்வைத்தனர். முதியோர் அதைச் செய்தது ஒளிநாடாவில் பதிவாயிற்று. மருத்துவத் துறையின் பல பிரிவினர் அப்பதிவைக் கண்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டனர். 1991இல் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் மதிப்பெண்ணுக்கு மாற்றாக நேரத்தை அளந்தனர். நடக்கும் தொலைவு 3 மீட்டர். 12 நொடியும் அதற்கு மேலும் ஆனால் விழும் அபாயம் உண்டெனக் கொள்வது இன்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல்.

ஆகவே, படத்தில் கண்டு மதிப்பிடுவது இச்சோதனைக்குப் புதிதன்று; அதன் பிறப்பிலேயே உள்ளது. மேலும், மருத்துவமனையில் புலப்படாத வழுக்கும் குளியலறையும் உயர்ந்த வாயிற்படியும் மங்கிய விளக்கும் காணொளியில் புலப்படும்.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. தடுமாறுபவரைத் தாங்கும் கை திரைக்கு அப்பால் இல்லை. விழும் வாய்ப்பு மிகுந்தவரே சோதனையின்போதும் விழக்கூடும். தனித்து வாழும் முதியவருக்கு அச்சோதனையே ஆபத்தாகலாம். எனவே அருகில் ஒருவர் நிற்பதை உறுதிசெய்த பின்னரே எழச் சொல்லவேண்டும். எவரும் இல்லையெனில், முன்பு விழுந்ததுண்டா, உட்கொள்ளும் மருந்துகள் எவை என வினவுவதோடு நிறுத்தி, நேரில் வரச்செய்வதே முறை. தொலைமருத்துவம் பயணத்தைக் குறைத்தது. உடனிருப்பவரின் தேவையைக் குறைக்கவில்லை.