மேடையேறாத ஒன்பதாம் உரை: நியூமனின் டப்ளின் பல்கலைக்கழகமும் இலக்கியக் கல்வியும்

கத்தோலிக்க உயர்கல்வி குறித்த விவாதங்களில் ஜான் ஹென்றி நியூமனின் இரண்டு கருத்துகள் ஓயாமல் எடுத்தாளப்படுகின்றன. இறையியலும் ஓர் அறிவுத்துறை, அதை விலக்கிய பல்கலைக்கழகம் குறைபட்டது என்பது ஒன்று. அறிவு தன்னளவிலேயே தேடத் தக்கது என்பது மற்றொன்று. ஆனால் இறையியலையும் இலக்கியத்தையும் ஒரே வளாகத்தில் பயிலும் மாணவர், இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு நியூமன் நேராக முகம் கொடுத்த இடம் அவருடைய டப்ளின் பல்கலைக்கழக உரைகளில் ஒன்பதாவது. அதை ஒதுக்கிவிட்டு அவரைப் படிப்பவர்கள் அவரைக் காவல்காரராக்கிவிடுகிறார்கள் என்பது என் வாதம்.

1845இன் சட்டப்படி பெல்ஃபாஸ்ட், கார்க், கால்வே ஆகிய மூன்று ஊர்களில் குயின்ஸ் கல்லூரிகள் அமைந்தன. சமயச் சார்பற்ற அக்கல்லூரிகளை 1850இல் தர்ல்ஸ் நகரில் கூடிய ஆயர் மன்றம் கண்டித்தது. மாற்றாக ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை உருவாக்கப் பேராயர் பால் கல்லன் நியூமனை அழைத்தார். கல்லனுக்கு வேண்டியிருந்தது ஒரு வேலி. 1852 மே, ஜூன் மாதங்களில் டப்ளினில் நியூமன் நேரில் நிகழ்த்தியவை ஐந்து உரைகளே. எஞ்சியவை அச்சில் வந்தன. வேலியின் நோக்கத்தையே கேள்விக்குள்ளாக்கும் ஒன்பதாவது உரையும் அவற்றுள் ஒன்று.

அதன் வாதம் கடுமையானது. இலக்கியம் என்பது மனிதன் இருக்கிறபடியே தன்னைப் பற்றி எழுதிவைத்த பதிவு. மனிதன் பாவமுள்ளவன் என்று திருச்சபையே போதிக்கிறது. அப்படியிருக்கப் பாவக் கறையில்லாத இலக்கியத்தைக் கேட்பது தன் போதனையையே மறுப்பதாகும். பாடநூலிலிருந்து எதை வெட்டி எறிகிறோமோ அது வகுப்பறை வாசலிலேயே மாணவனுக்காகக் காத்திருக்கும் என்கிறார் நியூமன். பல்கலைக்கழகம் குருமடமும் அல்ல, துறவுமடமும் அல்ல. உலகில் வாழப்போகிறவனை உலகத்துக்கு ஆயத்தம் செய்யும் இடம் அது. இங்கே இலக்கியத்துக்காக வாதாடுவது இறையியலே என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து கடன் வாங்கிய தாராளவாதம் அல்ல இது.

எட்டாம் உரையில் வரும் பண்பாளர் சித்திரமும் ஒன்பதாம் உரையை ஒதுக்குவதாலேயே தவறாகப் படிக்கப்படுகிறது. பிறரை நோகடிக்காத அந்த மனிதரை நியூமனின் இலட்சிய மாணவராகக் காட்டுவோர் உண்டு. உண்மையில் நற்கல்வி மட்டும் ஒருவரை எதுவரை கொண்டுசெல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையே அவர் அங்கு அளந்து காட்டுகிறார். கல்வி பண்பாளரை ஆக்கும், புனிதரை ஆக்காது. இலக்கியத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாதவரால்தான் அதைச் சுதந்திரமாக விடமுடிகிறது.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. 1854 நவம்பரில் திறந்த பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் பேராசிரியராக நியூமன் அமர்த்தியவர் யூஜின் ஓ'கர்ரி. கிளேர் மாவட்டத்துக் குடியானவர் மகன், முறையான கல்லூரிப் படிப்பே இல்லாதவர், நில அளவைத் துறையில் பணியாற்றியபோது பழஞ்சுவடிகளில் ஊறியவர். அவருடைய வகுப்புகளில் தலைவரான நியூமனே வந்து அமர்ந்து கேட்டார். அவ்வுரைகளில் திருமறைக் கையெழுத்துப் படிகளோடு, எருதுக் கொள்ளைக்காக மூளும் போரைப் பாடும் 'தாயின்' போன்ற கிறித்தவத்துக்கு முந்திய வீரகாதைகளும் இடம்பெற்றன. 1861இல் அவ்வுரைகள் வெளிவந்த நூலுக்காக ஜார்ஜ் பெட்ரி வரைந்த புதிய ஐரிஷ் எழுத்துருவைப் பல்கலைக்கழகம் வார்ப்பித்தது. அந்த ஈய எழுத்துகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த தன் இலக்கியத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

முயற்சி தோற்றது என்று சொல்லி வாதத்தைத் தள்ளிவிட முடியாதா? அரச பட்டயம் கிடைக்காததால் பட்டங்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை. மருத்துவப் பள்ளி மட்டும் செழித்தது, ஏனெனில் அதன் மாணவர்கள் வேறு மருத்துவ அமைப்புகளின் வழி தகுதி பெறமுடிந்தது. 1858இல் நியூமன் விலகினார். இவை நிர்வாகத்தின், அரசியலின் தோல்விகள். இன்னொரு மறுப்பு வலுவானது: அந்த வகுப்பறையில் பெண்களுக்கு இடமில்லை. உலகுக்கு ஆயத்தம் செய்வதாகச் சொல்லும் கல்வி உலகின் பாதியை வெளியே நிறுத்தியது. இதற்கு நியூமனிடம் விடை கிடையாது.

அந்த விடையைத் தேடியவர்கள் பின்வந்த மாணவர்கள். நியூமனின் பல்கலைக்கழகத்தின் வழிவந்ததும் 1883 முதல் இயேசு சபையார் நடத்தியதுமான யூனிவர்சிட்டி கல்லூரியில் 1898இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் சேர்ந்தார். 1900 ஜனவரியில், நியூமன் 1855இல் தொடங்கிய இலக்கிய வரலாற்றுக் கழகத்தில் நாடகம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நம்பிக்கையை அவர் உதறினார். ஆனால் 1916இல் நூலாக வந்த அவருடைய நாவலில் நாயகன் ஸ்டீவன் தன் அழகியலைத் தாமஸ் அக்குவினாஸிடமிருந்தே கட்டி எழுப்புகிறான். கத்தோலிக்கச் சிந்தனை அவருக்கு வாதிடும் கருவியாக நிலைத்தது. 1901இல் கல்லூரி இதழுக்கு அவர் ஒரு கட்டுரை கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குச் சம உரிமை கோரி நண்பர் பிரான்சிஸ் ஸ்கெஃபிங்டனும் ஒன்று கொடுத்தார். இரண்டும் மறுக்கப்பட்டன. ஒன்பதாம் உரை முன்பே சொன்னபடி, தடுக்கப்பட்டது வாசலில் போய் நின்றது: இருவரும் அவற்றை ஒரே சிறுநூலாகத் தாங்களே அச்சிட்டு டப்ளினில் பரப்பினார்கள்.