கண்ணுக்குப் புலப்பட்ட மீன்

தூண்டிலை வீசிவிட்டு மீன் வருமா என்று காத்திருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மீனை முதலில் கண்ணாற் கண்டு, அதன் பின்னரே தூண்டிலை வீசுவது வேறொரு முறை. அமெரிக்காவின் தென்கரையில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய லூசியானா, டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களின் கழிமுகங்களில் ரெட்ஃபிஷ் என்னும் மீனைப் பலர் இவ்வாறே பிடிக்கின்றனர். அம்மீனின் அண்மைக்கால வரலாற்றைப் படித்தபோது திருமறையின் அரபிச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப என் நினைவில் வந்து நின்றது. அதைப் பின்னர் கூறுகிறேன்.

ரெட்ஃபிஷ் நம் கடலில் கிடைக்கும் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்பு நிறம், வாலின் அடியில் கண் போன்றதொரு கரும்புள்ளி. இனப்பெருக்க காலத்தில் ஆண்மீன் தன் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரச் செய்து பறையொலி போன்ற ஓசையை எழுப்பும். 'டிரம்' என்று இதற்கு மற்றொரு பெயர் வழங்குவது அதனால்தான். ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி உயிரினங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் இதைத் தேடிப் பயனில்லை. அவர் வாழ்ந்த எகிப்துக்கும் இம்மீன் வாழும் கரைக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடல் கிடக்கிறது.

முதல் மூன்று நான்கு ஆண்டுகள் இம்மீன் உப்பும் நன்னீரும் கலந்த ஆழமற்ற நீரில் வளரும். பின்னர் வளைகுடாவின் திறந்த கடலுக்குச் சென்று, கூட்டம் கூட்டமாகத் திரிந்து இனம் பெருக்கும். நாற்பது ஆண்டு வரை வாழ்வதும் உண்டு.

இளம் மீன் சேற்றில் நண்டையும் இறாலையும் தேடித் தலைகீழாக மேயும்போது, நீர் ஓரடிக்கும் குறைவாக இருப்பதால் அதன் வால் வெளியே தெரியும். காற்றில் அசையும் அந்த வாலே வேட்டையாளனுக்கு அடையாளம். அவன் ஏறிச்செல்லும் படகு தட்டையானது. சில அங்குல நீர் இருந்தாலே மிதக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்புறத்து உயர்ந்த மேடையில் ஒருவன் ஏறி நின்று, நீண்ட ஓடக்கோலால் ஓசையின்றித் தள்ளுவான். முன்புறத்தில் நிற்பவன் நீரின் கூச்சொளியைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து பார்த்துக்கொண்டே வருவான். மேடைமீது நிற்பவனுக்கே மீன் முதலில் தென்படும். அவன் திசையைச் சொல்ல, இவன் மீனின் வாய்க்கு முன்னே இரையை வீழ்த்த வேண்டும். தலைமேல் விழுந்தால் மீன் ஓடிவிடும். தொலைவில் விழுந்தால் கவனிக்காது. காலடி ஓசை ஒன்றே ஒரு மணிநேர உழைப்பைக் கெடுத்துவிடும். பொறுமையும் கூர்மையும் வேண்டிய கலைதான், ஐயமில்லை.

உயரத்தில் நின்று பார்க்கும் இதே உத்தி, மேடையிலிருந்து வானத்துக்கு ஏறியபோதுதான் கேடு விளைந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1979இல் உணவகம் தொடங்கிய பால் புரூதோம் என்ற சமையற்கலைஞர், ரெட்ஃபிஷ் துண்டை வெண்ணெயில் தோய்த்து, மசாலாத் தூளில் புரட்டி, கனன்று காய்ந்த இரும்புச் சட்டியில் கருகச் சுட்டுப் பரிமாறினார். 1980களில் அப்பண்டம் நாடெங்கும் பரவியது. கழிமுகத்து மீன் போதவில்லை. சிறு விமானங்கள் கடல்மேல் பறந்தன. திறந்த கடலில் திரண்டிருந்த தாய்மீன் கூட்டங்கள் மேலிருந்து பார்ப்போருக்குச் செந்நிறத் திட்டுகளாகத் தெரிந்தன. விமானி இடத்தைச் சொல்ல, படகுகள் விரைந்து சுருக்கு வலையால் கூட்டத்தையே வளைத்தன.

இங்கேதான் அந்த அரபிச் சொல். அல் அஃராப் அத்தியாயத்தில் கடற்கரை ஊரார் சிலரைப் பற்றிய செய்தி வருகிறது. அவ்வூர் செங்கடற்கரையின் அய்லா என்பர் விரிவுரையாளர் பலர். அவர்களுக்கு மீன்பிடி விலக்கப்பட்ட சனிக்கிழமையில் மட்டும் மீன்கள் வெளிப்படையாக வந்தன. மற்ற நாள்களில் வரவில்லை. அவ்வருகையைக் குறிக்கும் சொல் 'ஷுர்ரஅன்'. நீரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும்படி வருதல் என்று அதற்குப் பொருள் கூறுவர். மீன் கண்ணில் பட்டதே அங்கே சோதனையாயிற்று. வளைகுடாவிலும் நான் காண்பது அதுவே.

சட்டம் வந்தது. 1977இல் ஹூஸ்டன் நகரில் தூண்டில்காரர்கள் சங்கம் அமைத்து வலைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பியிருந்தனர். தன் நீர்நிலைகளில் பிடித்த ரெட்ஃபிஷை விற்பதை டெக்சாஸ் 1981இல் தடை செய்தது. 1986இல் கூட்டாட்சி அரசு சுருக்கு வலையை நிறுத்த அவசர ஆணை பிறப்பித்தது. 1988 முதல் கூட்டாட்சிக் கடற்பரப்பில் எவரும் இம்மீனை எடுக்கலாகாது என்றாயிற்று. 2007இல் அதிபர் புஷ்ஷும் இம்மீனைக் காக்க ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். உணவகங்கள் இப்போது பெரிதும் பண்ணை மீனையே நம்பியுள்ளன. டெக்சாஸிலிருந்து சென்ற இவ்வினத்தைச் சீனாவும் ஏராளமாக வளர்க்கிறது.

சட்டம் மீனைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது யார் கையிலிருந்து எடுத்து, யார் கையில் கொடுத்தது? சந்தையில் விற்றுக் குடும்பம் நடத்திய கரையோரத்து வலைக்காரனிடமிருந்து எடுத்து, பொழுதுபோக்குக்கு வருவோனிடம் கொடுத்தது. விமானம் வைத்துப் பிடித்தவனும் தோணியில் சென்று பிடித்தவனும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டனர். இது எனக்கு நீதியாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. கடல் வேட்டையை இறைவன் ஆகுமாக்கினான். இஹ்ராம் அணிந்தவருக்கும் அதில் தடையில்லை. ஆயினும் உண்ணும் நோக்கமின்றி வெறும் விளையாட்டுக்காக வேட்டையாடுவதை ஃபிக்ஹு அறிஞர்கள் வெறுத்துள்ளனர். வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்ற செய்தி நஸாயீயில் பதிவாகியுள்ளது. பிடித்த மீனைத் தின்பவன் மீது குற்றமில்லை. அளவு மீறிய மீனைச் சட்டத்துக்காக நீரில் விடுபவனும் சரியே செய்கிறான். ஆனால் துடிக்கும் இன்பத்துக்காகவே பகல் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக முள்ளில் மாட்டி விடுவிப்பவன், தன்னை மீனின் காவலன் என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விடப்பட்டவை எல்லாம் பிழைப்பதும் இல்லை.

இத்தனைக்குப் பின்னும் லூசியானாவில் மீன் குறைந்தது. இளம் மீன் வளரும் சதுப்பு நிலமே அங்கு கரைந்து வருகிறது; 1932க்கும் 2016க்கும் இடையே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் கடலாகிவிட்டது. 2024இல் அம்மாநிலம் நாளொன்றுக்கு ஐந்து மீன் என்றிருந்த வரம்பை நான்காகக் குறைத்தது. முன்பு 27 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய மீன் ஒன்றை வைத்துக்கொள்ள இருந்த அனுமதியும் நீங்கியது. திறந்த கடலுக்குச் சென்று இனம் பெருக்கும் பருவத்து மீன்கள் அவை.