பசையை எவ்வளவு நேரம் இழுப்பது?

பசை என்றதும் நமக்கு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டும் மைதா கோந்தும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1941-இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் நார்மன் டி ப்ரூயினின் கம்பெனி உலோகத்தோடு உலோகத்தை ஒட்டும் 'ரீடக்ஸ்' பசையை உருவாக்கியது. (ரிசர்ச், டக்ஸ்ஃபோர்டு இரண்டின் தலையையும் சேர்த்து வைத்த பெயர்!) ஹார்னெட் போர் விமானத்தில் அலுமினியத்தையும் மரத்தையும் இணைத்தது இதுதான்.

சரி, ஒட்டியதை நம்பி விமானத்தில் ஏறுவது எப்படி? இரண்டு தகடுகளின் நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டி, யு.டி.எம்.-இல் மாட்டி இழுப்பார்கள். அறுந்த பாரத்தை ஒட்டிய பரப்பால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது வெறும் சராசரி. ஜெர்மனியின் ஃபோல்கர்சன் 1938-இலேயே ரிவெட் வரிசைக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தார். அது பசைக்கும் பொருந்தியது. தகடுகளும் நீள்வதால் இரு ஓரங்களே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. நடுப்பகுதி, கல்யாண வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமா மாதிரி! ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகாது.

1944-இல் கோலண்டும் ரைஸ்னரும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். தகடுகள் ஒரே கோட்டில் இல்லாததால் இழுக்கும்போது வளைகின்றன. ஓரத்தில் பசை உரிகிறது. நேராக இழுத்தால் அசையாத ஸ்டிக்கர், ஓரத்தை நகத்தால் கிளப்பினால் வந்துவிடுகிறதே, அதே சங்கதிதான்.

இதெல்லாம் பாரத்தைப் பற்றியது. காலம்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், கான்கிரீட் பலகைகளாலான உட்கூரையை எபாக்ஸி வைத்து ஒட்டிய போல்ட்டுகளில் தொங்கவிட்டார்கள். இழுத்துப் பார்த்தபோது தாங்கியது. 1999-இல் சில போல்ட்டுகள் நழுவி இறங்கியது தெரிந்தது. மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 2006 ஜூலை 10 இரவு சுமார் 26 டன் கான்கிரீட் விழுந்தது. கீழே சென்ற காரில் இருந்த பெண்மணி உயிரிழந்தார்.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007-இல் காரணத்தைச் சொன்னது. பயன்படுத்தியது சீக்கிரம் இறுகும் வகை எபாக்ஸி. கொஞ்ச நேரம் இழுத்தால் நல்ல பலம் காட்டும். வருடக்கணக்கில் பாரம் தொங்கினால் மெல்ல மெல்ல நீளும். இதுதான் 'க்ரீப்'. எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், க்ரீப் ஒன்றும் அன்று புதிய கண்டுபிடிப்பு இல்லை. பாலிமர் பாடம் படித்த நம்ம பசங்க யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நழுவிய போல்ட்டே வந்து சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

அதன்பின் வந்த அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 355.4 விதிமுறை, ஒட்டிய போல்ட்டில் குறைந்தது 1,000 மணி நேரம் பாரத்தை நிறுத்தி, நகர்வை அளந்து, அந்த வளைகோட்டைக் கணக்கால் 50 ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்க்கச் சொல்கிறது.

1,000 மணி என்பது 42 நாள்கூட இல்லை. இன்றைய மாணவத் தம்பி, தங்கைகளின் ப்ராஜெக்டுக்குள் அடங்கும். ஒரு நெம்புகோல், எடைக்கற்கள், டயல் கேஜ், தினமும் வெப்பநிலை குறிக்க ஒரு நோட்டு போதும். நடுவில் கரண்ட் போனாலும் எடை தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.