கையால் திருத்தக்கூடிய எஞ்சின்

வட அமெரிக்காவில் பழைய பிக்கப் லொறி வைத்திருப்போர் சிலர் செய்யும் வேலை ஒன்று, வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளுவதுபோலத் தெரியும். 1970களின் செவர்லே லொறியில் எஞ்சின் போய்விட்டால், பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைப்பது 1987க்குப் பிந்திய வி8. அந்த ஆண்டு மொடலிலிருந்துதான் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் சிறிய லொறிகளின் வி8 எஞ்சின்களுக்கு இன்ஜெக்ஷன் முறையைக் கொண்டுவந்தது. வாங்கியவர் அந்த இன்ஜெக்ஷனையும் அதை ஆளும் கணினியையும் கழற்றிவிட்டு, காபரேற்றரைப் பூட்டுகிறார். அதற்கு, காற்றும் பெற்றோலும் உள்ளே போகும் மனிஃபோல்டை மாற்றவேண்டும். பம்பின் அழுத்தத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கவேண்டும். இல்லையேல் பெற்றோல் வழியும். கணினியின் சொற்கேட்டுத் தீப்பொறி கொடுத்த டிஸ்ரிபியூட்டருக்குப் பதிலாக, நேரத்தைத் தானே சரிசெய்யும் பழைய வகை வேண்டும்.

நல்லதை விட்டுவிட்டு ஏன் பழையதற்குப் போகிறார்கள் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கியது. 1975 மொடல்களிலிருந்து புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் பரவலாக வந்தது. பின்னர் வந்த மேம்பட்ட வகை ஒழுங்காக வேலைசெய்ய, ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்குப் பிசகக்கூடாது. நொடிக்கு நொடி அதைக் காப்பது காபரேற்றருக்குக் கடினம், கணினிக்கு எளிது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புதிய கார்களிலிருந்து காபரேற்றர் மறைந்தது. சுவாசிக்கும் காற்றை நினைத்தால் அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் எங்களை ஓடவைத்தது காபரேற்றர்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டுடன், கொள்ளை விலையில் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்களும் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் அதில் ஓடின. ஷாம்பு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றருக்குள் சில துளி பீச்சி உதைத்தால் எஞ்சின் பற்றும். சூடேறியதும் தாங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். ஆறவிட்டால் மறுபடி பீச்சவேண்டும். தெரு முழுக்க வெள்ளைப் புகை, கண்ணெரியும் மணம்.

இது மந்திரமல்ல. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதுமான அளவு ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும். 1949இல் பிரித்தானியாவில் வந்த ஃபேர்குசன் டிராக்டர் வகையொன்று, பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளுக்கு மாறும்படியே செய்யப்பட்டது. எங்கள் பழைய ஆங்கிலக் கார்களின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால் அவை தாக்குப்பிடித்தன. விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், கரி படியும், எஞ்சினின் ஆயுள் குறையும்.

அன்று இன்ஜெக்ஷன் எஞ்சின் இருந்திருந்தால்? பற்றரியின்றிப் பம்ப் ஓடாது. கணினி பெற்றோலையே எதிர்பார்த்திருக்கும். திருகாணியைக் கொஞ்சம் திருப்பி அதைச் சமாதானப்படுத்த முடியாது. ஸ்காபரோக் கராஜில் பழைய லொறிக்குக் காபரேற்றர் பூட்டுபவர் தேடுவதும் இதைத்தான்: தெருவோரத்தில் நின்றாலும் தன் கையால் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்ற உரிமை. அவருக்கு அது விருப்பம். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

எத்தனை துளி, எந்த ஜெற், திருகாணி எத்தனை சுற்று என்பதெல்லாம் கராஜ்காரர்களின் கையிலும் காதிலும் இருந்தன. நான் அறிய, யாரும் கையேடு எழுதவில்லை. அவர்களில் பலர் இன்று முதியவர்களாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். போர் வரலாறுகள் தாக்குதல்களின் திகதிகளைச் சொல்கின்றன. நடுச்சாமத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதற்கு அவற்றில் பதிலில்லை. உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அந்த வாகனங்களை ஓட்டியிருந்தால், கேட்டு எழுதிவையுங்கள்.