கராஜ் கதவுக்குக் கம்பளி போர்த்திய கதை

அமெரிக்க வீடுகளில் இருப்பதிலேயே பெரிய கதவு எது தெரியுமா? வாசல் கதவு இல்லை, கராஜ் கதவு. இரண்டு கார் நிற்கும் கராஜ் என்றால் பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம். மொத்தம் 112 சதுர அடி! நம்மூர் ஃபிளாட்டில் அந்த அளவுக்கு ஒரு படுக்கையறையே கட்டி விற்றுவிடுவார்கள். இவ்வளவு பெரிய ஓட்டையை ஒற்றைத் தகடு போட்டு மூடிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் ஹீட்டரை ஓடவிட்டால் காசு கரையாதா? அந்த ஊர்க்காரர்களுக்கு இது எப்போது உறைத்தது என்று தேடப் போனேன். எண்ணெய், வரிச் சலுகை, விஷவாயு என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆரம்பத்தில் கராஜ் வீட்டோடு ஒட்டியே இருக்காது. குதிரை லாயத்தைத் தள்ளிக் கட்டிய பழக்கத்திலேயே காரையும் தள்ளி நிறுத்தினார்கள். பெட்ரோல் பயமும் ஒரு காரணம். கதவும் லாயக் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறப்பதுதான். பனி கொட்டினால் அதைத் திறக்கவே மண்வெட்டி வேண்டும். 1921-ல் சி.ஜி. ஜான்சன் என்பவர் மேலே தூக்கித் திறக்கும் கதவைக் கொண்டுவந்தார். அதன் மாதிரி ஒன்றை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பனையாளர்களைப் பிடித்தாராம். மார்க்கெட்டிங் பாடத்தில் இவரைச் சேர்க்கலாம். 1926-லேயே மின்சாரத்தில் திறக்கும் கருவியும் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர் வீடுகள் பெருகியபோது கராஜ் மெல்ல வீட்டோடு ஒட்டிக்கொண்டது. பிரச்சினையும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

குளிரைத் தடுக்கும் பொருள் இல்லாமல் இல்லை. 1932-ல் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடி மேல் பட்டுப் பஞ்சு பஞ்சாகப் பறந்தது. அப்படித்தான் ஃபைபர்கிளாஸ் பஞ்சுக்கு வழி கிடைத்தது. 1938-ல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் பிறந்தது. அவர்கள் தங்கள் பஞ்சுக்கு ரோஸ் நிறச் சாயம் போட்டு விற்றார்கள். 1985-ல் நீதிமன்றம் அந்த ரோஸ் நிறத்தையே வணிக முத்திரையாகப் பதிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. வெறும் நிறத்துக்கு டிரேட்மார்க்! பி.காம் படிக்கிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வராவிட்டாலும் கேன்டீனில் பேச உதவும் :)

பொருள் இருந்தும் பலர் வாங்கவில்லை. எரிபொருள் மலிவாகக் கிடைக்கும்போது சுவருக்குள் பஞ்சு அடைக்கக் காசு போடுகிறவர் யார்?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் கிட்டத்தட்ட 12 டாலருக்குப் போனது. அந்த நவம்பரில் அதிபர் நிக்சன், வீட்டு ஹீட்டரைக் குறைத்துப் பகலில் சராசரி 68 டிகிரி பாரன்ஹீட் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 1977 பிப்ரவரி 2-ல் அதிபர் கார்ட்டர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு டிவியில் வந்தார். பகலில் 65, இரவில் 55 போதும் என்றார். நாட்டின் தலைவர் ஸ்வெட்டரோடு வந்து சிக்கனம் பேசியதைப் பலர் கிண்டலடித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு, 1978-ல், அவர் கையெழுத்திட்ட வரிச் சட்டம் கிண்டலுக்குரியது இல்லை. இன்சுலேஷன், இரட்டை ஜன்னல் போன்றவற்றுக்குச் செலவழிக்கும் முதல் 2,000 டாலரில் 15 சதவீதம், அதாவது 300 டாலர் வரை, வருமான வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். எங்கள் வரிவிதிப்பு வகுப்பில் சொல்வார்களே, வருமானத்தில் கழிவது வேறு, கட்டவேண்டிய வரியில் கழிவது வேறு என்று. இது இரண்டாவது வகை, இனிப்பான வகை.

தேவை திடீரென்று எகிறினால் கடைக்கு என்னவெல்லாம் வரும்? நல்லதும் வரும், குப்பையும் வரும். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் செல்லுலோஸ் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கக்கூடாது என்று 1978-ல் அவசரமாகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அதைவிட மோசமான கதை கனடாவில் நடந்தது. 1977-ல் அங்கே அரசே இன்சுலேஷனுக்கு மானியம் கொடுத்தது. சுவரில் துளை போட்டு உள்ளே நுரையைப் பீய்ச்சும் யூரியா-ஃபார்மால்டிஹைடு முறை பழைய வீடுகளுக்கு வசதியாக இருந்ததால் ஏராளமானோர் அதைச் செய்துகொண்டார்கள். அந்த நுரையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்தது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல் என்று புகார்கள் குவிந்தன. 1980 டிசம்பரில் கனடா அதைத் தடை செய்தது. மானியம் கொடுத்த அதே அரசு, பிறகு அந்த நுரையை அகற்றவும் உதவித்தொகை கொடுத்தது. அமெரிக்காவும் 1982-ல் தடை போட்டது, ஆனால் ஆதாரம் போதாது என்று 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யார் சொன்னது சரி என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிக்கனம் என்று நம்பிச் செய்தவர்களின் வீடு விலை போகாமல் கிடந்ததே, அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தையில் மட்டமான சரக்கே நிறையும் என்பது அதன் சாரம். இன்சுலேஷன் பழைய காரைவிட மோசம் என்பேன். காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். சுவருக்குள் அடைத்து மூடிய பஞ்சை யார் பிரித்துப் பார்ப்பது?

அதனால்தான் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1979-ல் கொண்டுவந்து 1980-ல் அமலாக்கிய விதி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வீட்டு இன்சுலேஷன் விற்கிறவர்கள் அதன் ஆர்-மதிப்பை, அதாவது வெப்பம் கடப்பதை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணை, முறையாகச் சோதித்துச் சொல்லியாக வேண்டும். "செம சேமிப்பு" என்று வாய்க்கு வந்ததை விளம்பரம் செய்ய முடியாது.

இப்போது நம் கதவுக்கு வருவோம். வெளியே 20 டிகிரி, சூடேற்றிய கராஜுக்குள் 60 டிகிரி பாரன்ஹீட் என்று வையுங்கள். ஆர்-1 கதவு வழியாக மணிக்கு 4,480 பி.டி.யு. வெப்பம் போகும் (112 பெருக்கல் 40 வகுத்தல் 1). ஆர்-4 ஆக்கினால் 1,120. மிச்சமாவது ஏறக்குறைய ஒரு 1000 வாட் ஹீட்டர் எரிக்கும் அளவு. ஆர்-8 என்றால் 560. ஆர்-16 என்றால் 280. கவனித்தீர்களா? முதல் படியில் மிச்சம் 3,360, கடைசிப் படியில் வெறும் 280. குறைந்துசெல் விளைவு விதிக்கு இதைவிட அழகான உதாரணம் என் பாடப்புத்தகத்தில் இல்லை. விலை மட்டும் ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதவு விற்பவர்கள் பெரும்பாலும் பலகையின் நடுப்பகுதியின் மதிப்பையே சொல்வார்கள். மடிப்புகளிலும் ஓரங்களிலும் நுழையும் காற்று அந்தக் கணக்கில் வராது. பழைய கதவின் உட்பக்கம் ஃபோம் அட்டைகளை நாமே ஒட்டலாம், ஆனால் எடை கூடும். எடைக்கு ஏற்பத்தான் ஸ்பிரிங் முறுக்கியிருப்பார்கள். அதில் தெரியாதவர்கள் கை வைத்தால் ஆபத்து.

கராஜையே சூடேற்றாத வீடு என்றால்? அப்போது கதவுக்குப் போடும் காசில் பில் பெரிதாகக் குறையாது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரையும் அதிலுள்ள சின்னக் கதவையும் முதலில் பார்க்க வேண்டும். கராஜுக்கு மேலே படுக்கையறை இருந்தால் அந்தத் தளத்தையும். பெரிய கதவு கண்ணை உறுத்துகிறது, அவ்வளவுதான்.

கார்ட்டர் காலத்து வரிச் சலுகை 1985-ஓடு முடிந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் விலையும் சரிந்தது. 2022-ல் வந்த சட்டம் இதே மாதிரி இன்சுலேஷனுக்கு 30 சதவீதம், ஆண்டுக்கு 1,200 டாலர் வரை சலுகை கொடுத்தது. 2032 வரை இருக்கும் என்றார்கள். 2025 ஜூலையில் வந்த இன்னொரு சட்டம் அதை அந்த ஆண்டு டிசம்பரோடு முடித்துவைத்தது.